போர்ட்டோவின் இரட்டைத் தள இரும்புப் பாலம்: முழங்கால் வலியுள்ள தந்தையுடன் எப்படிப் பார்ப்பது?

தென்றல்வழி:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் போர்ச்சுகல் செல்கிறோம். லிஸ்பனில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, அங்கிருந்து ரயிலில் போர்ட்டோவுக்கு வந்து ஒரு பகலும் ஓர் இரவும் இருப்பதாகத் திட்டம். போர்ட்டோவைச் சேர்த்துக்கொண்டதற்கு என் தந்தைதான் முழுக் காரணம். அவர் ரயில்வேயில் பாலப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிறர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல அவர் பாலங்களைப் பார்ப்பார். டூரோ ஆற்றின் குறுக்கே நிற்கும் முதலாம் லூயிஸ் பாலத்தின் படத்தை எங்கோ பார்த்ததிலிருந்து, அதன் இரண்டு தளங்களிலும் நடந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால் அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார். படி இறங்குவதுதான் அவருக்குப் பெரும் வேதனை. மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்திற்குச் செங்குத்தான கற்படிகள் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று சில பயணக் குறிப்புகளில் படித்தேன். வேறு வழி உண்டா? மேலும், இந்தப் பாலத்தை ஐஃபெல் கோபுரத்தைக் கட்டிய ஐஃபெல்தான் கட்டினார் என்று சில இடங்களிலும், அவருடைய சீடர் கட்டினார் என்று வேறு சில இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். தந்தை இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். பாலத்தின் கட்டமைப்பை நன்றாகக் காண எங்கே, எந்த நேரத்தில் நிற்பது நல்லது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆற்றங்கரைவாசி:

வணக்கம் சகோதரி. நான் போர்ட்டோவில் சில ஆண்டுகள் வசித்தவன். உங்கள் தந்தை ஒரு படிகூட இறங்காமல் இரண்டு தளங்களையும் நடந்து பார்த்துவிட முடியும். சுற்றின் திசையை மட்டும் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பாலத்தின் வடகரையில் போர்ட்டோ, தென்கரையில் வில்லா நோவா டி காயா. இரண்டு கரைகளும் செங்குத்தான பாறைச் சரிவுகள் என்பதால்தான் பாலத்திற்கு இரண்டு தளங்கள் தேவைப்பட்டன. மேல்தளம் மேட்டு நகரங்களை இணைக்கிறது. கீழ்த்தளம் ஆற்றோரத் துறைகளை இணைக்கிறது. இரண்டு தளங்களுக்கும் இடையே உள்ள உயரத்தைக் கடப்பதுதான் பயணிகளுக்குத் திண்டாட்டம். நீங்கள் படித்த கற்படிகள் உண்மையில் இருக்கின்றன. கின்டைஸ் படிகளும் கொடேசல் படிகளும் பார்க்க அழகானவை, ஆனால் அக்டோபர் மழையில் நனைந்த கருங்கல்லில் முழங்கால் வலியுள்ளவரை இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாவோ பென்டோ ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அதன் முன்கூடத்தில் ஜோர்ஜ் கொலாசோ வரைந்த நீல ஓட்டுச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பேராலயத்தை ஒட்டிச் செல்லும் அகலமான சாலையில் நடந்தால் மேல்தளத்தை அடையலாம். சாலை முதலில் சற்று ஏறும், பிறகு சமமாகிவிடும். அந்த ஏற்றமும் வேண்டாம் என்றால் சாவோ பென்டோவில் மஞ்சள் நிற மெட்ரோ தடத்தில் ஏறுங்கள். வண்டி சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் நேராகப் பாலத்தின் மேல்தளத்தில் ஓடி, காயா பக்கத்தில் ஜார்டிம் டோ மோரோ நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கி, பாலத்தின் நடுவரை நடந்து சென்று திரும்பி வந்தால் போதும். மேல்தளம் முழுவதும் சமதளமே. மெட்ரோவுக்கு அந்தாந்தே என்னும் பயண அட்டை வேண்டும்; ஆளுக்கு ஓர் அட்டை தனித்தனியாக வாங்கி, ஒவ்வொரு முறை ஏறும்முன்னும் கருவியில் காட்ட மறவாதீர்கள்.

ஜார்டிம் டோ மோரோ பூங்காவின் ஓரத்திலிருந்தே காயாவின் ரோப் கார் புறப்படுகிறது. அதில் அமர்ந்தால் மதுக்கிடங்குகளின் ஓட்டுக்கூரைகளுக்கு மேலாக மிதந்து சில நிமிடங்களில் ஆற்றங்கரையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பாலத்தை நோக்கி, ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில், சமதளமான கரைச்சாலை செல்கிறது. போர்ட் மதுவின் பீப்பாய்களை ஏற்றிவந்த ரபேலோ என்னும் பழைய வகைப் படகுகள் அந்தக் கரையோரம் கட்டப்பட்டிருக்கும். இருக்கைகள் உண்டு; உட்கார்ந்து உட்கார்ந்து செல்லலாம். சாலையின் முடிவில் பாலத்தின் கீழ்த்தளம். அதைக் கடந்தால் போர்ட்டோவின் ரிபேரா பகுதி. கீழ்த்தளம் போர்ட்டோ கரையைத் தொடும் இடத்திற்கு மிக அருகிலேயே கின்டைஸ் கயிற்றிழுவை ரயில் இருக்கிறது. அது உங்களை மீண்டும் மேட்டு நகரத்தின் பதால்யா பகுதியில் கொண்டுபோய் விடும். அதுவும் ரோப் காரும் தனித்தனிக் கட்டணம் உடையவை. கயிற்றிழுவை ரயில் பராமரிப்புக்காக நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே அன்று காலையிலேயே தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் ரிபேராவிலிருந்து டாக்சியில் மேலே வந்துவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, எல்லோரும் சொல்வதையே நானும் சொல்கிறேன்: சூரியன் மறையும் வேளையில் மேல்தளத்தில் இருங்கள். ஆறு மேற்கு நோக்கிக் கடலுக்குப் போகிறது. அந்த வெளிச்சத்தில் பழைய நகரம் முழுவதும் பொன்னிறமாகிவிடும்.

கட்டுமானி:

வழித்தடம் பற்றி மேலே சொல்லப்பட்டது அனைத்தும் சரி. நேரம் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. சூரியன் மறையும்போது மேல்தளத்தில் நிற்பவர் நகரத்தைப் பார்க்கிறார், பாலத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் தந்தை பாலத்தைப் பார்க்க வருகிறார் என்பதால், பிற்பகலில் அவரைக் காயா கரைச்சாலையிலோ ரிபேராவிலோ உட்கார வையுங்கள். இரண்டு இடங்களும் பாலத்திற்கு மேற்கே இருப்பதால், காலையில் அங்கிருந்து பார்த்தால் பாலம் வெறும் கரிய நிழலாகத்தான் தெரியும். பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து இரும்பின்மேல் நேராக விழும்போதுதான் ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

இனி ஐஃபெல் பற்றிய கேள்வி. இந்தப் பாலத்தை வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக். அவரைச் சீடர் என்று சொல்வது சரியன்று; 1868-இல் ஐஃபெலுடன் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய கூட்டாளி அவர். இதே ஆற்றில், இன்னும் கிழக்கே, மரியா பியா என்னும் ரயில் பாலம் இருக்கிறது. ஐஃபெலின் நிறுவனம் கட்டி 1877-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வடிவமைப்பிலும் செய்ரிக்கின் பங்கு பெரிது. 1879-இல் இருவரும் பிரிந்தார்கள். அதன்பின் சாலைப் பாலம் ஒன்றுக்காகப் போர்ச்சுகல் அரசு நடத்திய போட்டியில், வில்லெப்ருக் என்னும் பெல்ஜிய நிறுவனத்திற்காகச் செய்ரிக் வரைந்த திட்டம் வென்றது. ஐஃபெலின் பெயர் இந்தப் பாலத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு மரியா பியா அருகிலிருப்பது ஒரு காரணம். பாரிஸ் கோபுரத்தின் புகழ் மற்றொன்று. புகழ் பெற்ற பெயரைச் சொன்னால் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு வேலை எளிதாகிவிடுகிறது என்பது என் சந்தேகம்.

வேலை 1881-இல் தொடங்கியது. மன்னர் லூயிஸின் பிறந்தநாளான அக்டோபர் 31 அன்று, 1886-இல், மேல்தளம் திறக்கப்பட்டது. கீழ்த்தளம் அதற்குப் பின்னரே பயன்பாட்டுக்கு வந்தது. வளைவின் இடைவெளி 172 மீட்டர். மரியா பியாவின் வளைவு 160 மீட்டர். பிரான்சில் ஐஃபெலின் நிறுவனம் 1884-இல் முடித்த கராபி ரயில் பாலத்தின் வளைவு 165 மீட்டர். அதாவது, பிரிந்துபோன கூட்டாளி இரண்டையும் மிஞ்சிவிட்டார். இந்த வகை இரும்பு வளைவுகளில் அன்று உலகிலேயே மிக நீளமானது இதுதான். மேல்தளத்தின் நீளம் ஏறத்தாழ 385 மீட்டர், இரும்பின் எடை ஏறத்தாழ 3,000 டன்.

உங்கள் தந்தைக்கு இதைவிடச் சுவையான செய்தி வளைவின் வடிவத்தில் இருக்கிறது. மரியா பியாவின் வளைவு பிறைநிலா வடிவம் உடையது: உச்சியில் தடித்து, கரையைத் தொடும் இரு முனைகளிலும் மெலிந்து, கீல்மேல் நிற்கிறது. லூயிஸ் பாலத்தின் வளைவு இதற்கு நேர்மாறானது. கால்மாட்டில் தடித்து, உச்சியை நோக்கிச் செல்லச் செல்ல மெலிகிறது. அந்தத் தடித்த கால்களுக்கு நடுவே புகுந்து கீழ்த்தளம் செல்கிறது. ஒரே வளைவு இரண்டு தளங்களையும் இரண்டு விதமாகத் தாங்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேல்தளத்தின் சுமை வளைவின்மேல் எழும் தூண்கள் வழியாக அழுத்தமாக இறங்குகிறது. கீழ்த்தளமோ வளைவிலிருந்து செங்குத்தான இரும்புத் தொங்கல்களால் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அவற்றில் இருப்பது இழுவிசை. கீழ்த்தளத்தின் நடுவில் நின்று நேராக மேலே பார்த்தால் இந்த இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். பாலம் முழுவதும் தேனிரும்பு; பற்றவைப்பு இல்லாத காலம் என்பதால் இணைப்புகள் எல்லாம் ரிவெட் என்னும் தலை தட்டிய இரும்பு ஆணிகள் அடித்தவை. வாழ்நாள் முழுவதும் சுத்தியலால் தட்டி ரிவெட்டின் தளர்ச்சியைக் கண்டறிந்தவருக்கு அவற்றைக் காட்டித்தர வேண்டியதில்லை.

ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் வளைவாகக் கட்டியதற்கும் காரணம் உண்டு. டூரோ இங்கே ஆழமானது, வேகமானது, வெள்ளம் வந்தால் பொல்லாதது. 1909 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் நீர்மட்டம் கீழ்த்தளத்திற்கு மிக அருகே வந்துவிட்டது. பழைய வெள்ளங்களின் அளவுக்குறிகளை ரிபேராவின் சுவர்களில் இன்றும் பார்க்கலாம்.

பழங்கதைப்பித்தன்:

பொறியியல் பேசியவர் பாலத்திற்கு முந்தைய பாலங்களை விட்டுவிட்டார். கீழ்த்தளத்திலிருந்து போர்ட்டோ கரையில் இறங்கியதும், பக்கத்திலேயே உயரமான இரண்டு கல்தூண்கள் எதையும் தாங்காமல் நிற்பதைக் காண்பீர்கள். 1843-இல் திறக்கப்பட்ட தொங்குபாலத்தின் தூண்கள் அவை. இரும்புப் பாலம் வந்ததும் தொங்குபாலம் 1887-இல் பிரிக்கப்பட்டது. தூண்கள் மட்டும் எஞ்சின.

அதற்கும் முன்பு, 1806 முதல், படகுகளைப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலம் இருந்தது. 1809 மார்ச் 29 அன்று மார்ஷல் சூல்ட்டின் பிரெஞ்சுப் படை போர்ட்டோவுக்குள் நுழைந்தபோது, உயிர் தப்ப ஓடிய மக்கள் கூட்டம் அந்தப் பாலத்தில் நெருக்கியடித்தது. பாலம் சிதைந்து ஆயிரக்கணக்கானோர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களின் நினைவாக 1897-இல் செய்யப்பட்ட வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று ரிபேரா கரைச் சுவரில் இருக்கிறது. மக்கள் இன்றும் அதன்முன் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். உணவகங்களின் மேசைக் குடைகளுக்கு நடுவே அதைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

அதே ஆண்டு மே 12 அன்று, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, மது ஏற்றும் படகுகளில் தம் படையைக் கடத்தி நகரை மீட்டார். அவருடைய பீரங்கிகள் நின்ற இடம் எதிர்க்கரையில் பாலத்திற்கு மேலே தெரியும் செர்ரா டோ பிலார் மடாலயம். வட்ட வடிவத் தேவாலயம் கொண்ட அந்த மடாலயம், இந்தப் பாலம், பழைய நகரம் மூன்றும் சேர்ந்துதான் 1996-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. பாலத்தை மேலிருந்து முழுமையாகப் பார்க்க மடாலயத்தின் முற்றமே சிறந்த இடம். ஜார்டிம் டோ மோரோவிலிருந்து தொலைவு குறைவு என்றாலும் பாதை ஏற்றமானது, டாக்சி அமர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் பாலத்தைக் கடக்கச் சுங்கம் வசூலித்தார்கள். 1943 முடியும்வரை அந்த வழக்கம் இருந்தது. இப்போது நடப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கீழ்த்தளத்தின் விளிம்பில் ஏறி நின்று, காசு போட்டால் ஆற்றில் குதிப்போம் என்று சொல்லும் சிறுவர்களைத் தவிர. அவர்களுக்குக் காசு கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

தென்றல்வழி:

மூவருக்கும் மிக்க நன்றி. மறுமொழிகளைத் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். வளைவு கால்மாட்டில் தடித்திருக்கிறது என்பதைக் கேட்டதும் படத்தை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போடத் தொடங்கிவிட்டார். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மேல்தளத்தில் மெட்ரோ ஓடும்போதே நடக்கலாம் என்கிறீர்கள். தடுப்பு வேலி உண்டா? மற்றொன்று, மரியா பியா பாலத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அதன்மேல் நடக்க முடியுமா?

ஆற்றங்கரைவாசி:

மேல்தளத்தில் தண்டவாளம் நடுவிலும் நடைபாதை இரு ஓரங்களிலும் இருக்கின்றன. இடையே வேலி கிடையாது. 2003-இல் மேல்தளத்தை வாகனங்களுக்கு மூடி, வலுப்படுத்தி, 2005-இல் மெட்ரோவுக்குத் திறந்தார்கள். வண்டிகள் மெதுவாக, மணியடித்துக்கொண்டே வரும். ஆனாலும் படம் எடுப்பவர்கள் பின்னால் பார்க்காமல் தண்டவாளத்தில் கால் வைப்பது அன்றாடக் காட்சி என்பதால், தந்தையைக் கைப்பிடிக் கம்பியின் பக்கமாகவே நடக்கச் சொல்லுங்கள். காற்று பலமாக வீசும். குடையைவிட மழைச்சட்டை உதவும். கீழ்த்தளத்தின் நடைபாதை குறுகலானது. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2023-இல் திறந்தபோது, சொந்தக் கார்களை அனுமதிக்காமல் பேருந்து, டாக்சி, சைக்கிள், நடப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அதனால் முன்னைவிட நிம்மதியாக நின்று பார்க்கலாம்.

கட்டுமானி சொன்ன நேரத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பிற்பகலில் கீழே சுற்றிவிட்டு, கயிற்றிழுவை ரயிலில் மேலே வந்தால், மாலை வெளிச்சத்தில் மேல்தளத்தில் இன்னொரு முறை நிற்கலாம். தந்தைக்கு அசதி என்றால் இதை விட்டுவிடுங்கள். இருட்டியபின் பாலத்தில் விளக்கேற்றுவார்கள். ரிபேராவில் அமர்ந்தபடியே அதைப் பார்க்கலாம்.

கட்டுமானி:

மரியா பியாவின்மேல் நடக்க முடியாது. ஒற்றைத் தண்டவாளமும் வேகக் கட்டுப்பாடும் இன்றைய போக்குவரத்துக்கு ஈடுகொடுக்காததால், 1991-இல் பக்கத்தில் சாவோ ஜோவாவோ என்னும் கான்கிரீட் ரயில் பாலத்தைக் கட்டியதும் அதை மூடிவிட்டார்கள். அதைக் கீழிருந்து பார்க்க எளிய வழி, ரிபேராவிலிருந்தோ காயா கரையிலிருந்தோ புறப்படும் ஆறு பாலங்கள் படகுச் சுற்று. ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும். செய்ரிக்கின் வளைவுக்கும் மரியா பியாவின் வளைவுக்கும் அடியில் அடுத்தடுத்துக் கடந்து செல்வதால், தடித்த கால், மெலிந்த கால் வேறுபாட்டை உங்கள் தந்தை நேரிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். படகில் ஏறும் இடத்தில் சில படிகளோ சாய்வுப் பலகையோ இருக்கக்கூடும். சீட்டு வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகு ஒத்துவராவிட்டாலும் கவலையில்லை. லிஸ்பனிலிருந்து வரும் உங்கள் ரயில், போர்ட்டோவின் கம்பன்யா நிலையத்தை அடைவதற்குச் சற்று முன்பு சாவோ ஜோவாவோ பாலத்தின் வழியாகத்தான் டூரோவைக் கடக்கும். வில்லா நோவா டி காயா நிலையம் தாண்டியதும், ரயில் செல்லும் திசைக்கு இடப்புறச் சன்னலில் தந்தையை உட்கார வையுங்கள். மரியா பியா மிக அருகில் தெரியும். ரயில் பாலத்தைக் கடக்கும் நேரம் குறைவு, ஆகவே பெட்டிகளை இறக்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கம்பன்யாவிலிருந்து சாவோ பென்டோ வரை உள்ளூர் ரயிலில் அதே சீட்டிலேயே செல்லலாம்.